உடலுறவு நடக்கவில்லை, ஆனாலும் கர்ப்ப பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலுறவு வரை போகாமல் நெருக்கமாக இருந்துவிட்டு, அப்புறம் நாள்கணக்கில் தூக்கம் கெட்டுத் தவிக்கிறவர்கள் நிறைய. பெண்கள் மட்டும் இல்லை, "அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஆண்களும் உண்டு. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாததால் பயம் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெரிதாகிறது. அந்தக் கேள்விகளை, கேட்கிறவர்கள் கேட்கும் விதத்திலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கூச்சப்படாமல் படியுங்கள்.

உடலுறவே இல்லாமல் கர்ப்பம் ஆகுமா, ஆகாதா? அதை முதலில் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஆகாது. 'ஆகவே ஆகாது' என்று எழுதினால் அது பொய். எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று பிரித்துப் பார்க்க, கரு உண்டாகும் வழி தெரிந்தால் போதும். கீழே இருக்கும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஒருமுறை வெளிப்படும் விந்தில் கோடிக்கணக்கில் விந்தணுக்கள் இருக்கும். யோனிக்குள் விழுந்தவற்றில் பெரும்பகுதி அங்கேயே செத்துப்போகும். யோனியின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு சுமார் 3.8 முதல் 4.5 வரை. விந்தணுவுக்கு அது ஆகாது. தப்பியவை கருப்பை வாயில் உள்ள சளியைத் தாண்டி, கருப்பைக்குள் நீந்தி, கருக்குழாய் வரை போக வேண்டும். அவ்வளவு தூரம் போய்ச் சேர்வது சில நூறுதான். போன நேரத்தில் அங்கே கருமுட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் விந்தணு உயிரோடு இருக்கும் ஐந்து நாளுக்குள்ளாவது அது வந்து சேர வேண்டும். கருமுட்டையின் ஆயுளோ 12 முதல் 24 மணி நேரம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்குக்கூட, எந்தக் குறையும் இல்லாதபோதும், பல மாதம் ஆவது இதனால்தான்.

ஆகவே உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வெளிவந்த விந்து, ஈரம் காயாமல், யோனியின் வாயிலிலோ உள்ளேயோ பட்டதா? படவில்லை என்றால் கர்ப்பத்துக்கு வழி கிடையாது. முத்தத்தில், கட்டியணைப்பில், ஒரே படுக்கையில் தூங்கியதில் கரு உண்டாகாது.

இருவரும் உடை அணிந்திருந்தோம். மேலே உரசியது மட்டும்தான். அவருக்கு விந்து வந்துவிட்டது.

ஆகாது. ஒரு துளி விந்து உள்ளாடையில் விழுந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நூலிழைகள் ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. துளி பரந்து மெலிகிறது, ஓரத்திலிருந்து காய ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் விறைத்த கறையாகிவிடுகிறது. நீந்த ஈரம் இல்லாத இடத்தில் விந்தணு பிழைக்காது. அவருடைய துணி, உங்களுடைய துணி என்று இரண்டு மூன்று அடுக்கைத் தாண்டி நீந்தி வந்து உள்ளே போகும் சக்தியும் அதற்கு இல்லை. காய்ந்த கறையில் மறுபடி தண்ணீரோ வியர்வையோ பட்டாலும் செத்த விந்தணு உயிர் பெறாது.

உடை இல்லாமல் உரசினோம். உள்ளே போகவில்லை. இது?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

விந்து யோனியின் வாயிலிலேயே, அல்லது அதை ஒட்டினாற்போல் வெளிப்பட்டிருந்தால் கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டு. உடலுறவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனாலும் உண்டு. கன்னிச்சவ்வு கிழியாமலேயே கர்ப்பமான பெண்களை மருத்துவ உலகம் பார்த்திருக்கிறது. கன்னிச்சவ்வு யோனியை மூடும் மூடி கிடையாது. மாதவிலக்கு ரத்தம் வெளியே வர அதில் திறப்பு இருக்கிறது, அந்தத் திறப்பு உள்ளே போகவும் வழிதான். 'நான் இன்னும் கன்னிதான், அதனால் ஆகாது' என்று நினைத்து அவசரக் கருத்தடை மாத்திரைக்கு முக்கியமான முதல் மூன்று நாட்களைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு.

வயிற்றிலோ தொடையிலோ மட்டும் விழுந்து, அங்கேயே துடைத்துவிட்டீர்கள் என்றால் பயம் வேண்டாம். தொடையின் உட்புறம் வழிந்து பிறப்புறுப்பு வரை வந்தது என்றால் மேலே சொன்ன 'குறைவு, ஆனாலும் உண்டு' கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விந்து வெளிப்படவே இல்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

விந்து வரவில்லை. முன்னால் கசியும் நீர் மட்டும் பட்டது. அதில் விந்தணு இருக்குமா?

கிளர்ச்சியின்போது ஆணுறுப்பின் நுனியில் வரும் வழுவழுப்பான அந்த நீர், கௌப்பர் சுரப்பி என்னும் இரண்டு சிறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. அந்தச் சுரப்பியில் விந்தணு உற்பத்தியாவது இல்லை. ஆனால் வெளியே வரும்போது சிலருக்கு விந்தணுவும் சேர்ந்து வருகிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 27 ஆண்களின் முன்கசிவு நீரைச் சோதித்தார்கள். 11 பேருடையதில் விந்தணு இருந்தது. எண்ணிக்கை விந்தில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு, ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களுடையது உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது.

அதனால் உள்ளே போய்விட்டு விந்து வருவதற்குள் வெளியே எடுப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். அதையே வழியாக நம்பியிருப்பவர்களில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேர் கர்ப்பமாகிறார்கள். நீங்கள் கேட்டது வேறு: உள்ளே போகவில்லை, நுனியில் இருந்த ஈரம் வெளியே பட்டது, அவ்வளவுதான். இதில் கர்ப்பமாகும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம்.

கையில் விந்து பட்டிருந்தது. அப்புறம் விரலால் தொட்டுவிட்டார்.

கை காய்ந்திருந்ததா, ஈரமாக இருந்ததா? துடைத்தோ கழுவியோ காய்ந்தோ இருந்தால் கவலை இல்லை. சோப்பும் வெறும் தண்ணீருமே விந்தணுவுக்குப் பகை. அப்போதுதான் வந்த விந்து வழவழவென்று விரலில் இருக்க, அதே விரல் யோனிக்குள் போயிருந்தால், சிறிய வாய்ப்பு இருக்கிறது. "கை பட்டது, பத்து நிமிடம் கழித்து, வேறு எதையோ தொட்டு, அப்புறம்..." என்று நீளும் சங்கிலி எதற்கும் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஈரம் குறைகிறது, விந்தணு சாகிறது.

வாய் வழியாக? ஆசனவாய் வழியாக?

வாய் வழியாக ஆகாது. விழுங்கினாலும் அது இரைப்பைக்குத்தான் போகும், இரைப்பைக்கும் கருப்பைக்கும் வழி இல்லை. ஆசனவாய்க்கும் கருப்பைக்கும்கூட வழி இல்லை. ஆனால் வெளியே வழியும் விந்து பக்கத்திலேயே உள்ள யோனியில் படக்கூடும் என்பதைக் கவனியுங்கள். இந்த இரண்டிலும் கர்ப்பத்தைவிடப் பால்வினை நோய்த்தொற்றுதான் யோசிக்க வேண்டியது. கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்பிவி எல்லாம் உடலுறவு இல்லாமலும் தொற்றும். அதில் சந்தேகம் இருந்தால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல் குளம்?

இல்லை. மூன்றிலும் இல்லை.

பீரியட்ஸ் முடிந்த மறுநாள் நடந்தது. அது பாதுகாப்பான நாள்தானே?

நிச்சயமாகச் சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை மருத்துவர்கள் எடுத்துச் சொல்லும் ஒன்று. கருமுட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாட்கள், ஆக ஆறு நாட்களில் நடந்த உறவில் மட்டுமே கரு உண்டானது என்று அது காட்டியது. ஆறு நாள்தான், சரி. ஆனால் அந்த ஆறு நாள் எப்போது வரும்? அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவரும். அடுத்த மாதவிலக்கு எப்போது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால்தானே அதிலிருந்து பின்னோக்கி எண்ண முடியும்? 23 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு 9-ஆம் நாளே கருமுட்டை வந்துவிடலாம். விந்தணு ஐந்து நாள் காத்திருக்கும் என்பதையும் சேர்த்தால், பீரியட்ஸ் முடிகிற நாளே அந்த ஆறு நாளுக்குள் விழுந்துவிடும். போன் செயலி காட்டும் பச்சை, சிவப்பு நாட்களும் மதிப்பீடுதான்.

உடனே கழுவிவிட்டேன், சிறுநீரும் கழித்தேன். போதாதா?

வெளியே பட்டதைக் கழுவியது நல்லது. சிறுநீர் வருவது வேறு துவாரம், அதனால் யோனிக்குள் இருப்பது வெளியேறாது. உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். கரு உண்டாவதை அது தடுக்காது, கிருமித்தொற்றுக்கு வழி விடும்.

அவசரக் கருத்தடை மாத்திரை போட வேண்டுமா?

மேலே 'வாய்ப்பு உண்டு' என்று சொன்ன சூழ்நிலை என்றால் போடுவது நியாயம், நேரம் கடத்தாதீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் என்றால் 120 மணி நேரம் வரை வேலை செய்யும். ஐந்து நாளுக்குள் மருத்துவரிடம் போய்க் காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொள்வது இருப்பதிலேயே பலமான தடுப்பு. வலிப்பு நோய்க்கோ காசநோய்க்கோ மருந்து எடுக்கிறவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அந்த மருந்துகள் சில இந்த மாத்திரையின் சக்தியைக் குறைக்கும். போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. பதிந்துவிட்ட கருவை அது கலைக்காது. பின்னாளில் குழந்தை பிறப்பதையும் பாதிக்காது.

உடை மேல் உரசியதற்கும், காய்ந்த கை பட்டதற்கும் இதைப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. மாத்திரை போட்டால் அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம், இடையில் லேசாக ரத்தம் படலாம், குமட்டலாம். எல்லாம் மாத்திரை செய்கிற வேலை. ஆனால் போட்டவருக்கு அது கர்ப்ப அறிகுறியாகவே தெரியும். தேவையில்லாமல் போட்ட மாத்திரையே அடுத்த மூன்று வாரப் பயத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

நடந்து மூன்று நாள்தான் ஆகிறது. குமட்டுகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது, வயிறு உப்புசமாக இருக்கிறது.

மூன்றே நாளில் கர்ப்ப அறிகுறி வராது. கருவுற்ற முட்டை கருப்பைக்கு வந்து பதிவதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வில்காக்ஸ் குழுவின் 1999 ஆய்வில், நிலைத்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 84, கருமுட்டை வெளிவந்த 8, 9, 10-ஆம் நாட்களில் பதிந்தவை. பதிந்த பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். குமட்டல் ஆரம்பிப்பது அதற்கும் பின்னால்.

அப்படியானால் நீங்கள் உணர்வது பொய்யா? இல்லை, குமட்டுவது உண்மைதான். பரீட்சைக்கு முந்தின இரவு வயிற்றைப் பிசைகிறதே, அந்த மாதிரி. பயம் வயிற்றைக் கலக்கும், சிறுநீரை அடிக்கடி வரவைக்கும், பசியைக் கெடுக்கும். போதாததற்கு மாதவிலக்குக்கு முன் வரும் மார்பு வலியும் உப்புசமும் கர்ப்ப அறிகுறி போலவே இருக்கும். உடம்பை மட்டும் கவனித்து இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. டெஸ்ட்தான் பிரிக்கும்.

சரி, டெஸ்ட் எப்போது எடுப்பது?

சம்பவம் நடந்து 21 நாள் கழித்து. அன்று 'இல்லை' என்று வந்தால் இல்லைதான். மாதவிலக்கு நாள் தவறிய அன்று எடுத்தாலும் பெரும்பாலும் சரியாகக் காட்டும், ஆனால் சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு 21 நாள் கணக்கே நம்பகம். காலையில் முதலில் வரும் சிறுநீரில் எடுங்கள். கிட்டின் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று. கிட்டின் உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்குக்குள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். குப்பையிலிருந்து அரை மணி கழித்து எடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மங்கலாகத் தெரியும். சிறுநீர் காய்ந்ததால் வந்த கோடு அது. நேரத்துக்குள் தெரிகிற கோட்டில், கிட்டில் சொல்லியிருக்கும் நிறம் இருக்கும். நேரத்துக்குள்ளேயே மங்கலாக நிறத்தோடு ஒரு கோடு தெரிந்தால் இரண்டு நாள் கழித்து இன்னொன்று எடுங்கள், அல்லது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

டெஸ்ட் நெகட்டிவ். ஆனால் நாள் தள்ளிப்போகிறது. எப்படி நம்புவது?

21 நாள் கழித்து எடுத்த டெஸ்ட்டா? அப்படியென்றால் நம்புங்கள். நாள் தள்ளிப்போகப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்று இந்தப் பயமே. மனஅழுத்தம் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவைத் தாமதப்படுத்தும். கருமுட்டை பத்து நாள் தாமதமாக வந்தால் மாதவிலக்கும் பத்து நாள் தாமதமாகத்தான் வரும். எடை சட்டென்று குறைவது, தூக்கம் கெடுவது, தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினை, நீங்கள் போட்ட அவசர மாத்திரை எல்லாமே காரணமாகலாம். பருவமடைந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு 45 நாள் இடைவெளிகூட இயல்பே. இரண்டு மூன்று மாதம் வராமலே இருந்தால், கர்ப்ப பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்காகவே மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்து டெஸ்ட் எடுத்துவிட்டேன். பீரியட்ஸும் வந்துவிட்டது. ஆனாலும் மனது ஒப்பவில்லை.

இந்தக் கேள்விக்கு இன்னொரு கிட் பதில் சொல்லாது. ஆறாவது டெஸ்ட்டும் நெகட்டிவாக வரும், ஒரு மணி நேரம் நிம்மதி கிடைக்கும், அப்புறம் 'கிட் பழசாக இருந்தால்?' என்று தொடங்கும். 'வந்தது பீரியட்ஸ்தானா, வேறு ரத்தமா?' என்று இரவெல்லாம் தேடத் தோன்றும். தேடிப் பார்த்தால் எங்கோ ஒருவர் எதையோ எழுதியிருப்பார். ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும், 'சரிபார்த்தால்தான் நிம்மதி' என்று மனது பழகிக்கொள்கிறது. அதனால் அடுத்த முறை பயம் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது.

கர்ப்பத்துக்கு வழியே இல்லாத சம்பவத்துக்கு இவ்வளவு பயம் என்றால், அடியில் வேறு ஏதோ இருக்கிறது. பலருக்கு அது குற்ற உணர்ச்சி. 'தப்பு செய்துவிட்டேன், தண்டனை வராமல் இருக்குமா?' என்ற எண்ணம் கர்ப்ப பயமாக வேடம் போட்டு வருகிறது. உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. விந்தணு கருமுட்டையைச் சேர்ந்ததா இல்லையா, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். நம்பிக்கையான ஒருவரிடம் ஒரே ஒருமுறை முழுக்கச் சொல்லிப் பாருங்கள், பாரம் பெரிதும் இறங்கும். படிப்பு, வேலை, சாப்பாடு எல்லாம் வாரக்கணக்கில் கெடுகிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போங்கள். திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

நான் ஆண். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். நான் என்ன செய்வது?

"ஒன்றும் ஆகாது, விடு" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விந்து வந்ததா, எங்கே பட்டது என்பது உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். மாத்திரை தேவைப்படும் நிலை என்றால் வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். இல்லையென்றால் 21-ஆம் நாள் எது என்று இருவரும் சேர்ந்து குறித்துவையுங்கள், கிட்டை நீங்களே வாங்குங்கள். அதுவரை தினமும் "வந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே அவளுக்கு இன்னொரு பயம்.

என் விருப்பம் இல்லாமல் நடந்தது.

அப்படியென்றால் மேலே உள்ள எதையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பத் தடுப்பு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எச்ஐவி தடுப்பு மருந்தோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். குளிக்காமல், உடை மாற்றாமல் போக முடிந்தால் தடயம் கிடைக்கும். குளித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, போங்கள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்?

அது நிஜமாகவே பாசிட்டிவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எத்தனை வாரம், கரு எங்கே இருக்கிறது என்று காட்டும். என்ன முடிவெடுப்பதாக இருந்தாலும் சீக்கிரம் போனால் வழிகள் அதிகம். கலைக்கிறேன் என்று கேள்விப்பட்ட மருந்தைத் தானாகச் சாப்பிட வேண்டாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டையில் வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு இருந்தால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். யாருக்குத் தெரிந்துவிடும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.